வயிற்றில் ஏன் ஊசி போடுகிறார்கள்?

"அப்பாவுக்கு வந்தது நுரையீரல்ல கிருமிங்க. அதுக்கு எதுக்கு தினமும் வயித்துல ஊசி போடுறாங்க?"

2021-ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வார்டு தொலைபேசியில் நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். சிலாங்கூரில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் மருந்தாளராக இருக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் டெல்டா வகை கோவிட் உச்சத்தில் இருந்த அந்த நாள்களில் குடும்பத்தார் யாரும் வார்டுக்குள் வர முடியாது. தகவல் எல்லாம் தொலைபேசியில்தான். தமிழில் மட்டுமே பேசும் குடும்பம் அழைத்தால் தாதி ஒருவர் என்னைத் தேடி வந்து தொலைபேசியைக் கையில் கொடுத்துவிடுவார். மருந்து சம்பந்தப்பட்டது பாதி, மற்றது பாதி என்று பேசிக்கொண்டிருப்பேன்.

"இரத்தம் கட்டாம இருக்கத்தான் அந்த ஊசி" என்பேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு, "அவருக்கு இரத்தத்துல ஒன்னும் இல்லீங்களே, சீனியும் கொலஸ்ட்ராலும் மட்டும்தானே?" என்று கேட்பார்கள். வேலைக்கு நடுவே அதற்கு முழுப் பதில் சொல்ல அன்று நேரம் இருந்ததில்லை. கோவிட் இப்போது செய்தியில் இல்லாவிட்டாலும், கடுமையான இன்ஃபுளுவென்சாவும் நுரையீரல் தொற்றுமாக ஆள்கள் வார்டுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அதே ஊசி போடப்படுகிறது. அதே கேள்வியும் வருகிறது.

நம் மக்களுக்கு இது குழப்பமாக இருப்பதில் ஆச்சரியமில்லை. கிருமிக் காய்ச்சல் என்றாலே இங்கே முதலில் நினைவுக்கு வருவது டிங்கி. டிங்கியில் பயம் நேர்மாறானது. அங்கே இரத்தத் தட்டணுக்கள் குறையும், ஈறில் இரத்தம் கசியும், உடம்பில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். தட்டணு எண்ணிக்கையைக் கிரிக்கெட் ஓட்டங்களைப் போல வாட்ஸ்அப்பில் தினம் அனுப்பிக்கொள்ளும் குடும்பங்களை எனக்குத் தெரியும். பப்பாளி இலைச் சாறு பிழிந்து ஃபிளாஸ்கில் கொண்டுவருவார்கள். "காய்ச்சல் வந்தா இரத்தம் ஒழுகும்" என்பது நம் மனத்தில் பதிந்த பாடம். அதே காய்ச்சலில் இரத்தம் உறைந்து கட்டியாகும் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் எல்லாக் கிருமியும் ஒரே வேலையைச் செய்வதில்லை. டிங்கி நோயாளிக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்று சொல்லும் அதே மருத்துவர், பக்கத்து வார்டில் கோவிட் நோயாளிக்கு இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியை எழுதுகிறார். இரண்டும் சரிதான். காய்ச்சல் எந்தக் காய்ச்சல் என்று தெரியாமல் வீட்டில் எந்த மாத்திரையையும் கொடுக்க வேண்டாம் என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கும் இதுவே காரணம்.

இரத்தம் உறைவது நோயல்ல. கையில் கத்தி பட்டால் சில நிமிடங்களில் இரத்தம் நிற்பது அதனால்தான். வெட்டுப்பட்ட இடத்தில் உறைய வேண்டிய இரத்தம், வெட்டே இல்லாத குழாய்க்குள் உறைந்தால்தான் ஆபத்து. ஏன் அப்படி நடக்கிறது என்பதற்கு ருடோல்ஃப் விர்ஷோ என்ற ஜெர்மானிய மருத்துவரின் ஆராய்ச்சியிலிருந்து வந்த விளக்கத்தைத்தான் இன்றும் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள். இரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் உள்சுவர் காயப்படுவது, இரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுவது. இந்த மூன்றில் ஒன்றோ இரண்டோ சேர்ந்தால் கட்டி உருவாகும். அவர் பிறந்த அக்டோபர் 13-ஆம் தேதியைத்தான் உலக இரத்த உறைவு தினமாக 2014 முதல் அனுசரிக்கிறார்கள்.

கடுமையான கோவிட் இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்தது. அதுதான் அதன் கொடுமை.

உள்சுவரை முதலில் பார்ப்போம். நன்றாகப் பழகிய தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஏறி வழவழவென்று இருக்கும்வரை மாவு ஒட்டாது. யாரோ கம்பி நார் போட்டுத் தேய்த்துவிட்டால் அடுத்த தோசை அப்படியே பிடித்துக்கொள்ளும். இரத்தக் குழாயின் உள்ளே ஒரே ஓர் உயிரணு தடிமனில் இப்படி ஒரு பூச்சு இருக்கிறது. அது உயிருள்ள பூச்சு. இரத்தம் ஒட்டாமல் ஓட வேண்டிய பொருள்களை அதுவே சுரக்கிறது. கிருமியும், கிருமியை எதிர்க்கக் கிளம்பும் நம் உடலின் அழற்சியும் சேர்ந்து அந்தப் பூச்சைத்தான் சுரண்டிவிடுகின்றன. 2020-இல் ஒரு ஆய்வுக் குழு கோவிட்டில் இறந்த ஏழு பேரின் நுரையீரலையும், இன்ஃபுளுவென்சாவில் இறந்த ஏழு பேரின் நுரையீரலையும் அருகருகே வைத்து ஆராய்ந்தது. இரண்டிலும் சேதம் இருந்தது. ஆனால் மூச்சுப் பைகளைச் சுற்றியுள்ள நுண்குழாய்களில் இருந்த சின்னஞ்சிறு இரத்தக் கட்டிகள் கோவிட்டில் ஒன்பது மடங்கு அதிகம்.

இரண்டாவது, இரத்தத்தின் தன்மை. அழற்சி உச்சத்தில் இருக்கும்போது கல்லீரல் உறைபொருள்களை அள்ளிக் கொட்டுகிறது. காய்ச்சலில் நீர் வற்றி இரத்தமும் கெட்டியாகிறது. மூன்றாவது, எல்லோர் கண்ணுக்கும் தெரிவது, ஆனால் யாரும் பொருட்படுத்தாதது: படுக்கை. கெண்டைக்கால் தசை ஒரு பம்பு. நாம் நடக்கும்போது அது சுருங்கி, காலில் இருக்கும் இரத்தத்தை மேலே இதயத்துக்குத் தள்ளுகிறது. ஆக்சிஜன் குழாயோடு பத்து நாள் படுத்தே கிடப்பவருக்கு அந்தப் பம்பு நின்றுவிடுகிறது. கோவிட் வார்டில் கழிவறைக்குக்கூட நடக்கவிட முடியாத நிலை பலருக்கு. வீட்டார் இருந்தாலாவது கைத்தாங்கலாக நாலு அடி நடக்கவைப்பார்கள். அவர்களும் இல்லை. தாதியர் ஒவ்வொரு முறையும் முழுக் கவச உடை அணிந்து உள்ளே வர வேண்டும். குப்புறப் படுக்க வைத்தால் ஆக்சிஜன் ஏறும் என்பதால் பலரை மணிக்கணக்கில் குப்புறவே வைத்திருந்தோம்.

இப்படி காலிலோ இடுப்பிலோ ஆழமான நாளத்தில் உருவாகும் கட்டி அங்கேயே இருந்தால் கால் வீங்கும், வலிக்கும். அது பிய்த்துக்கொண்டு புறப்பட்டால் போய்ச் சேரும் இடம் நுரையீரல். ஏற்கெனவே தொற்றால் பாதி அடைத்துக் கிடக்கும் நுரையீரலின் இரத்த வாசலையும் அது அடைத்துக்கொள்ளும்.

2020 ஏப்ரலில் வெளிவந்த டச்சு ஆய்வு ஒன்று அன்று மருத்துவ உலகையே உலுக்கியது. மூன்று மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 184 கோவிட் நோயாளிகளில் 31 விழுக்காட்டினருக்கு இரத்தக் கட்டியால் வரும் சிக்கல்கள் ஏற்பட்டிருந்தன. பெரும்பாலானவை நுரையீரல் கட்டிகள். இதில் கவனிக்க வேண்டியது, அந்த 184 பேருமே உறைவுத் தடுப்பு மருந்து பெற்றுக்கொண்டிருந்தவர்கள். அடுத்த மாதம் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலிருந்து பிரேதப் பரிசோதனை முடிவுகள் வந்தன. முதல் 12 பேரில் 7 பேரின் கால் நாளங்களில் கட்டி. உயிரோடு இருந்தபோது அந்த ஏழு பேரில் ஒருவருக்குக்கூட அது இருப்பதாக யாரும் சந்தேகிக்கவில்லை. நான்கு பேரின் மரணத்துக்கு நுரையீரல் கட்டியே நேரடிக் காரணம். மூச்சுத் திணறலை எல்லோரும் கிருமியின் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கட்டி நாளத்தில்தான் வர வேண்டும் என்றும் இல்லை. இதயத்துக்கோ மூளைக்கோ காலுக்கோ இரத்தம் கொண்டுபோகும் தமனியிலும் வரலாம். கனடாவில் பிறந்து நியூயார்க்கின் பிராட்வே மேடைகளில் நடித்த நிக் கொர்டேரோவுக்கு வயது 41. கோவிட்டோடு மருத்துவமனையில் இருந்தபோது இரத்தக் கட்டியால் வலது காலையே எடுக்க நேர்ந்தது. 2020 ஜூலையில் அவர் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் என் நண்பர்கள் சிலர், "நீ சொன்ன கட்டி விஷயம் உண்மைதான் போல" என்றார்கள்.

எங்கள் வார்டில் நடந்த இரண்டைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

ஒருவர் லோரி ஓட்டுநர், ஐம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு. ஒன்பதாம் நாள் நிமிடத்துக்கு பத்து லிட்டரில் இருந்த ஆக்சிஜன் மூன்று லிட்டருக்குக் குறைந்திருந்தது. வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, இன்னும் இரண்டு மூன்று நாளில் வந்துவிடுவார் என்று. மறுநாள் காலை கழிவறைக்குப் போய்த் திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 78. நாடித்துடிப்பு 130-ஐத் தாண்டியது. அன்று பணியில் இருந்த இளம் மருத்துவர் கிருமி மறுபடி முற்றிவிட்டது என்று விட்டுவிடவில்லை. குணமாகிக்கொண்டிருந்தவர் ஒரே நிமிடத்தில் சரிந்தால் அது கட்டிதான் என்று சந்தேகித்து, சாயம் ஏற்றிய சிடி ஸ்கேனுக்கு அனுப்பினார். இரண்டு நுரையீரலின் தமனிகளிலும் கட்டி. முழு அளவு ஹெப்பரின் தொடங்கினோம். அவர் பிழைத்தார். பிறகு என் மருந்து ஆலோசனை அறைக்கு மாதம் ஒருமுறை வந்து, "தம்பி, இன்னும் எத்தனை மாத்திரை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மற்றவர் ஒரு பெண், இரண்டு பிள்ளைகளின் தாய், இன்னும் நாற்பது ஆகவில்லை. முதல் நாள் இரவு கணவரோடு வீடியோ அழைப்பில் பேசியிருக்கிறார். பிள்ளையின் இணைய வகுப்பைப் பற்றி. விடியற்காலையில் திடீரென்று மூச்சு வாங்கியது. ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோகும் நிலையை அவர் எட்டவே இல்லை. கணவருக்கு மருத்துவர் விஷயத்தைச் சொன்ன பிறகு தொலைபேசி என் கைக்கு வந்தது. "நேத்து நல்லாத்தானேங்க பேசுனா?" என்று அவர் மூன்று முறை கேட்டார். நுரையீரல் கட்டியாக இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதைத் தமிழில் திரும்பச் சொன்னேன். அந்த நேரத்தில் அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்க முடியவில்லை.

இருவருக்குமே அந்த வயிற்று ஊசி தினமும் போடப்பட்டது. ஊசி ஆபத்தைக் குறைக்கிறது. அடியோடு நீக்குவதில்லை. இதைக் குடும்பத்தாரிடம் மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி அந்த ஊசிக்கு வருவோம். பெரும்பாலும் அது இனாக்சபரின் என்ற மருந்து. தடுப்புக்காக என்றால் வழக்கமான அளவு நாளுக்கு ஒருமுறை 40 மில்லிகிராம். தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் போட வேண்டும் என்பதால்தான் வயிறு. அது வயிற்றுக்கான மருந்து அல்ல. தொப்புளைச் சுற்றி நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்துச் சிலர் பதறுவார்கள். சிறு கன்றல் சகஜம். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் இருந்தாலே பாதி கன்றல் குறையும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவைக் குறைப்போம், அல்லது வேறு வகைக்கு மாற்றுவோம். நம் சமூகத்தில் நீரிழிவும் அதனால் வரும் சிறுநீரகக் கோளாறும் எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனவே இந்தக் கணக்கை நான் அடிக்கடி போட்டிருக்கிறேன்.

ஹெப்பரின் குடும்பத்து மருந்துகளுக்கு ஒரு நீண்ட கதை உண்டு. 1916-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது, நாயின் கல்லீரலிலிருந்து கிடைத்த ஒன்று உறையவிடாமல் தடுப்பதைக் கண்டார். கல்லீரலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ஹெப்பரின் என்ற பெயர் வந்தது. இன்று அது பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்சவ்விலிருந்து எடுக்கப்படுகிறது. இனாக்சபரினும் அப்படித்தான்.

மலேசியாவில் இதைச் சொல்லாமல் நகர முடியாது. முஸ்லிம் நோயாளிகளுக்கு இது முக்கியமான விஷயம். 2009-இல் தேசிய ஃபத்வா குழு இதை விவாதித்து, ஃபோண்டாபரினக்ஸ் என்ற செயற்கை மருந்து மாற்றாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, பன்றியிலிருந்து வரும் இரண்டு ஊசிகள் கூடாது என்று முடிவு சொன்னது. எங்கள் மருந்தகத்தில் அந்த மாற்று மருந்தும் இருக்கும். நம்மவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. ஆனால் ஒருமுறை, பிறந்தது முதல் சைவமாக இருந்த ஒரு பாட்டி, எப்படியோ விஷயம் தெரிந்து, தாதியைத் தள்ளிவிடாத குறையாக மறுத்துவிட்டார்.

"ஏன் தம்பி, இதுல பன்னி இருக்காமே?"

"பன்றிக் குடல்ல இருந்து எடுத்ததுதான் பாட்டி. வேற ஊசி இருக்கு, அது ஃபேக்டரியில செஞ்சது, மாத்திக் கொடுக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேக்கிறேன்."

"அத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

பாட்டியின் சிறுநீரகம் நன்றாக இருந்ததால் மாற்ற முடிந்தது. எல்லோருக்கும் முடியாது. ஃபோண்டாபரினக்ஸ் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவது. ஹெப்பரினால் இரத்தப்போக்கு ஏற்பட்டால் முறிக்க புரோட்டமின் என்ற மருந்து இருக்கிறது. இதற்கு அப்படி நேரடி முறிவு மருந்து இல்லை. கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் பதில் சொல்வது எங்கள் கடமை. ஆனால் பதில் தெரியும்வரை ஊசியை மறுத்துக்கொண்டு நாள்களைக் கடத்த வேண்டாம்.

"அவ்வளவு ஆபத்துன்னா இன்னும் கூடுதலா போட்டா என்ன?" இதுவும் அடிக்கடி வந்த கேள்வி. உண்மையில் மருத்துவர்களும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பதில் 2021 ஆகஸ்டில், பல நாடுகள் சேர்ந்து நடத்திய பெரிய சோதனைகளிலிருந்து வந்தது. வார்டில் மிதமான நோயோடு இருந்த 2,219 பேரில், முழு அளவு ஹெப்பரின் பெற்றவர்களில் கூடுதலானோர் தீவிர சிகிச்சைக் கருவிகளின் உதவி தேவைப்படாமல் தேறினார்கள். ஆனால் ஏற்கெனவே தீவிர சிகிச்சையில் இருந்த 1,098 பேருக்கு முழு அளவு கொடுத்ததால் பலன் எதுவும் இல்லை. நோய் முற்றியவருக்குத்தானே கூடுதல் மருந்து பலன் தர வேண்டும் என்று தோன்றும். ஆனால் முடிவு அதற்கு நேர் எதிராக இருந்தது. அந்த நிலையில் நுண்குழாய்களில் சேதம் நடந்து முடிந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். விலையும் இருந்தது. மிதமான நோயாளிகளில் பெரிய அளவு இரத்தப்போக்கு 0.9 விழுக்காட்டிலிருந்து 1.9 விழுக்காடாக உயர்ந்தது. ஒரே கிருமி, ஒரே வார்டு, அடுத்தடுத்த இரண்டு கட்டில்களில் இருவருக்கு இரு வேறு அளவு ஊசி ஏன் என்று யாராவது கேட்டால் இதுதான் காரணம்.

வீட்டில் இருந்தபடியே காய்ச்சலைச் சமாளித்தவர்கள் இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரின் வாங்க ஓட வேண்டாம். மருத்துவமனைக்குப் போகும் அளவுக்கு முற்றாத கோவிட் நோயாளிகளிடம் ஆஸ்பிரினையும் அப்பிக்சபானையும் சோதித்த அமெரிக்க ஆய்வு ஒன்று பாதியிலேயே நிறுத்தப்பட்டது. காரணம், அவர்களிடம் கட்டிகள் ஏற்பட்டதே மிகக் குறைவு. தடுக்க வேண்டிய அளவுக்கு ஆபத்து இல்லாத இடத்தில் மருந்தின் கெடுதல் மட்டுமே மிஞ்சும்.

போகிற போக்கில் ஒன்று. 2021-இல் நாட்டில் இரத்தக் கட்டி என்ற சொல் வாயில் வராதவர் இல்லை, ஆனால் அது தடுப்பூசியைப் பற்றிய பேச்சாக இருந்தது. அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசியால் இலட்சம் பேரில் ஓரிருவருக்கு ஏற்பட்ட அரிய வகைக் கட்டியைக் கண்டு பயம் பரவ, அரசாங்கம் அதைப் பொதுத் திட்டத்திலிருந்து எடுத்து, விரும்புவோருக்கு மட்டும் என்று 2 இலட்சத்து 68 ஆயிரத்துக்கும் அதிகமான இடங்களைத் திறந்தது. சில மணி நேரத்தில் எல்லாம் நிரம்பிவிட்டன. படித்த இளைஞர்கள்தான் முண்டியடித்தார்கள். பிரிட்டனில் கோடிக்கணக்கானோரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு, தடுப்பூசியைவிட நோயால் வரும் கட்டிதான் பல மடங்கு அதிகம் என்று அதே ஆண்டில் காட்டியது. அந்தச் செய்தி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வந்ததாக எனக்கு நினைவில்லை.

வீடு திரும்பிய பிறகு என்ன என்பதில்தான் நம் குடும்பங்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மருத்துவமனையோடு தொடர்புடைய கட்டிகளில் பல, வார்டில் இருக்கும்போது வருவதில்லை, வெளியேறிய பின் வரும் வாரங்களில் வருகின்றன. சுவீடனில் கோவிட் கண்ட பத்து இலட்சத்துக்கும் அதிகமானோரை ஆராய்ந்ததில், கால் நாளக் கட்டியின் ஆபத்து மூன்று மாதம் வரையிலும், நுரையீரல் கட்டியின் ஆபத்து ஆறு மாதம் வரையிலும் கூடுதலாக இருந்தது தெரிந்தது. நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவு ஆபத்து.

நாம் என்ன செய்கிறோம்? பெரியவர் வீட்டுக்கு வந்ததும் ஹாலில் கட்டிலைப் போட்டு, "நீங்க எந்திரிக்கவே கூடாது" என்று அன்பால் கட்டிப்போடுகிறோம். சோறு கட்டிலுக்கு வருகிறது, தொலைக்காட்சி எதிரில் இருக்கிறது, மருமகள் காலுக்குத் தலையணை வைக்கிறாள். பாசம்தான். ஆனால் கெண்டைக்கால் பம்பு மறுபடி நின்றுவிடுகிறது. மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாதவரை, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சமையலறை வரை நடந்துவிட்டு வரட்டும். நடக்க முடியாதவர் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும். தண்ணீர் போதிய அளவு குடிக்கட்டும், இதயமோ சிறுநீரகமோ பழுதாகி அளவு கட்டப்பட்டவர்களைத் தவிர.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, கெண்டையில் வலியோடு இருக்கும். "படுத்தே கிடந்ததால நரம்பு பிடிச்சிக்கிச்சு" என்று தைலத்தைச் சூடாக்கி, நன்றாக உருவிவிடுவார்கள். ஊரெல்லாம் தேடி, உருவுவதில் கைதேர்ந்தவரை அழைத்து வருவோரும் உண்டு. உள்ளே இருப்பது கட்டி என்றால் அழுத்தி உருவுவது அதை நகர்த்திவிடக்கூடும். இரண்டு கால்களும் சமமாக வீங்கினால் காரணம் பெரும்பாலும் வேறு. ஒரு கால் மட்டும் என்றால் தைலப் புட்டியைத் தொடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சு வாங்கல், மூச்சை இழுத்தால் குத்தும் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் என்றால் காத்திருக்கவே வேண்டாம், 999.

வீடு திரும்பும் எல்லோருக்கும் உறைவுத் தடுப்பு மாத்திரை தேவையில்லை. முன்பே கட்டி வந்தவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், மிகுந்த உடல் பருமன் உள்ளவர்கள் போன்றோருக்கு மருத்துவர் ஆபத்தைக் கணக்கிட்டுச் சில வாரங்களுக்குக் கொடுக்கலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கூச்சப்பட்டு இதை மறைப்பவர்களே அதிகம். கட்டி உண்டான பிறகு என்றால் சிகிச்சை குறைந்தது மூன்று மாதம். அந்த லோரி ஓட்டுநர் இரண்டாவது மாதத்திலேயே, "இப்பதான் நல்லா இருக்கேனே" என்று மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான் என்று அவர் மனைவிதான் அவருக்குப் புரியவைத்தார், என்னால் முடியவில்லை.

வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்குக் கீரையே கூடாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்வது உண்மை. ஆனால் தேவையானது சீரான அளவு. வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை சாப்பிட்டு வந்தவர் அப்படியே சாப்பிடலாம். ஒரு மாதம் தொடாமல் இருந்துவிட்டு அடுத்த வாரம் முழுக்கக் கீரையாகவே சாப்பிட்டால்தான் என் இரத்தப் பரிசோதனைக் கணக்கு தலைகீழாகும். புதிய வகை மாத்திரைகளுக்குக் கீரைக் கட்டுப்பாடு இல்லை. எந்த வகையானாலும் மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளும், ஜின்செங், பூண்டு, மஞ்சள் மாத்திரைகளும் இரத்தப்போக்கைக் கூட்டக்கூடியவை. குழம்பில் போடும் பூண்டையும் மஞ்சளையும் நான் சொல்லவில்லை. அவற்றைப் பைக்குள் ஒளித்து வைக்காமல் மருந்தாளரிடம் காட்டிவிடுங்கள், நாங்கள் திட்டமாட்டோம்.

அவசரப் பிரிவின் பதிவு முகப்பில் நிற்கும்போது, "கால் வலிக்குது" என்று மட்டும் சொன்னால் உங்கள் எண் வரிசையின் கடைசிக்குப் போகும். அங்கே இருப்பவருக்கு உங்கள் அப்பா எங்கிருந்து வருகிறார் என்பது தெரியாது. முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: மூன்று வாரத்துக்கு முன்பு வார்டில் இருந்தார், நுரையீரல் தொற்று, இப்போது ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. மலாயில் என்றால், "பாரு கெலுவார் வார்ட், காகி செபெலா பெங்காக்." மருந்துப் பட்டியலையும் வார்டிலிருந்து வெளியேறும்போது கொடுத்த கடிதத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.